நாற்பத்தோராவது அடுப்பு

எங்கள் ஊரில் பொதுவேலைக்குத் தலையை எண்ணுவதில்லை, அடுப்பை எண்ணுவோம். ஒரே வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரு பானையில் பொங்கினால் அது ஒரு பங்கு. இரண்டே பேர் இருந்து இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு பங்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த நியாயத்தைக் கட்டிக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

ஊருக்கு மேலே குன்றில் ஓர் ஊற்று உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது. ஆனால் அது கீழே வராது, நாங்கள்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டும். ஏற அரைமணி, வரிசையில் நிற்க அரைமணி, இடுப்பொடிய இறங்க அரைமணி. இப்படி ஏறி இறங்கியே எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. எனக்கு மட்டுமா, ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் யாரும் நேராக நடக்கமாட்டோம்.

ஊற்றிலிருந்து குழாய் இறக்கித் தாருங்கள் என்று ஆபீசுக்கு மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த பிறகு, தையலக்காதான் வேறு மாதிரி கேட்டாள். அவள் ஜன்னலோரம் மிஷின் போட்டுத் தைப்பவள். ஊர்க் கமிட்டிக்குச் செயலாளர். பதினோரு தடவை அந்த ஆபீஸ் படியேறியிருக்கிறாள். பன்னிரண்டாவது தடவை, "ஐயா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். பள்ளம் நாங்க வெட்டிக்கிறோம், பதிக்கிறதும் நாங்களே பாத்துக்கிறோம். குழாய மட்டும் குடுங்க" என்றாளாம். ஆபீசர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தேதி சொன்னார். அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார். ஊற்றிலிருந்து ஊர் வரைக்கும் பள்ளம் ஓரடிகூட விடுபடாமல் இருந்தால் குழாய் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஊருக்கு.

அன்றைக்கே கணக்கெடுக்கக் கிளம்பினோம். அவள் கையில் அளவுக்கயிறு, என் கையில் நோட்டு. வீடு வீடாகப் புகுந்து அடுப்பை எண்ணி எழுதி முப்பத்தொன்பது வந்தது. கடைசியாக அவள் வீடு. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? முன்கட்டில் மிஷினுக்குப் பக்கத்தில் அவள் அடுப்பு. பின்பக்கச் சாய்ப்பில் அவள் புருஷன் கொத்தனாரின் அடுப்பு. நாலு வருஷமாக அப்படித்தான். ஒரு கூரை, இரண்டு அடுப்பு, பேச்சு கிடையாது.

நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

"என்ன நிக்கிற? எழுது."

"என்னன்னுக்கா எழுத?"

"கண்ணு தெரியலையா உனக்கு? ரெண்டு இருக்கு. ரெண்டுன்னு எழுது."

"ஊரு சிரிக்கும்க்கா."

"நாலு வருஷமாச் சிரிச்சாச்சு. இன்னும் சிரிக்க என்ன மிச்சம் இருக்கு? நான் என் வீட்டுல ஒண்ண மறைச்சா நாளைக்குப் பத்து வீட்டுல மறைப்பாங்க. எழுது சொல்றேன்."

ஒன்று என்று எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் நான் இரண்டு என்றுதான் எழுதினேன். எழுதும்போது மனசுக்குள் எனக்கு ஒரு சின்ன குஷி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த நாலு வருஷமும் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு என் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அலுத்துப்போன எனக்கு நல்லாப் படட்டும் என்று இருந்தது. சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி உண்டு. நான் சமைத்துக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கத்திலிருந்து கொத்தனாரின் குரல் வரும்.

"ஏம்மா, இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"உப்பு தீந்துபோச்சு. உங்கக்காகிட்ட இருந்தா ரெண்டு கல்லு குடுக்கச் சொல்லு."

அவருக்கும் அவளுக்கும் எட்டடி தூரம்கூட இருக்காது. நான் கரண்டியை வைத்துவிட்டு, "அக்கா, உப்பு வேணுமாம்" என்பேன்.

"மாடத்துல இருக்கு. எடுத்துக்கச் சொல்லு அந்த மனுஷன."

"மாடத்துல இருக்காம்ணே."

இதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் என்னைத் தபால்பெட்டி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இந்தச் சண்டைக்குக் காரணம் ஊருக்கே தெரியும். தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஊர் சேர்ந்து ஒரு கிணறு வெட்டினோம். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தது தையலக்கா. கல்லும் மண்ணும் தெரிந்தவர் என்று முன்னால் நின்று வெட்டியது கொத்தனார். நாற்பதடி இறங்கியும் ஒரு சொட்டு இல்லை. ஊரே அவரைத்தான் காறித் துப்பியது. மானம் போன கோபத்தில் பெண்டாட்டி அவரைத் தள்ளிவைத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நாற்பத்தொரு அடுப்பு, அடுப்புக்கு ஒரு வாசல் குழாய். ஊற்றிலிருந்து ஊர் வரைக்கும் கயிறு போட்டால் அடுப்புக்கு எண்பதடி. ஓரடி அகலம், இரண்டரையடி ஆழம். கிணறு வெட்டியபோது வசதி உள்ளவன் வேறு ஆளை அனுப்பினான், அதில் ஏகப்பட்ட சண்டை. அதனால் இந்தத் தடவை தையலக்கா ஒரு சட்டம் போட்டாள். ஓர் அடுப்பின் பங்கை அந்த அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் வெட்ட வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. எல்லாரும் சரி என்று கை தூக்கினோம். வெட்டுத்துணிகளில் எண் எழுதி ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். யாருக்கு எந்த இடம் என்று குச்சி நட்டு, அந்தத் துணியையே கட்டிவிட்டோம். குன்றின் மேலிருந்து கீழ் வரைக்கும் கலர் கலராகத் துணி ஆடிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு நாள் பார்க்க நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் கை கொப்புளித்த பிறகு யாரும் துணியைப் பார்க்கவில்லை.

வேலைக்குப் போகிற நேரம் போக, விடியலில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் வெட்டினோம். மேல்மண் பொசபொசவென்று வரும். ஓரடிக்குக் கீழே சரளை. கடப்பாரை டங்கென்று துள்ளும், தோள் வரைக்கும் அதிரும். பாத்திரத்தில் கஞ்சி, ஒரு வெங்காயம், சில நாள் அவித்த கிழங்கு. பள்ளத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் இறங்குவோம். வெயில் அப்படி இப்படி என்றில்லை, மண்வெட்டிக் காம்பைத் தொட்டால் சுடும்.

பால்காரருக்கு இருபத்தாறாவது பங்கு. அவருக்கு ஒரு கால் சரியில்லை. கிணறு வெட்டும்போது மேலே போன கூடையிலிருந்து கல் விழுந்து கணுக்கால் நொறுங்கியது. வீட்டில் அவரும் கண் மங்கிய மனைவியும்தான். என் பங்கை வேறு யாராவது வெட்டட்டும், பதிலுக்கு நான் பால் கொடுத்துவிடுகிறேன் என்று கமிட்டியில் கேட்டார். தையலக்கா முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு விட்டுக்குடுத்தா இன்னும் பத்துப் பேரு காலப் பிடிச்சிக்கிட்டு வருவாங்கண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் ஒரு சாக்கை விரித்து அதில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே வெட்டினார். ஓரடி வெட்டுவார், சாக்கை நகர்த்துவார், மறுபடி வெட்டுவார். எண்பதடியை முப்பத்திரண்டு நாளில் முடித்தார்.

கொத்தனாருக்கு விழுந்தது பதினேழாவது பங்கு. நீலத் துணி. அதில் பாதி மண், மீதி பாறை. அந்தப் பாறை அங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் சுற்றிக்கொண்டு போனால் ஒருபக்கம் சரிவு, மறுபக்கம் ஓடை. ஆபீசர் பாறையில் மட்டும் ஒரு சாண் ஆழம் போதும் என்று சலுகை கொடுத்திருந்தார்.

"கல்லு கல்லுக்காரன்கிட்டயே போய்ச் சேந்துடுச்சு பாத்தியா" என்று ரேடியோ சிரித்தார். சைக்கிளில் சாமான் விற்கிற ஆள். ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பெயர். "குடுத்து வச்ச மகராசன்யா. உளியும் சுத்தியும் கூடப் பொறந்த மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுக்கிறவளுக்குத்தான் அந்த இருமல் தெரியும். முப்பது வருஷம் கல் கொத்தின தூசி அவர் நெஞ்சில் இருந்தது. ஒரு வருஷமாக அவர் பெரிய வேலை எதுவும் எடுக்கவில்லை. கேட்டால், "ஆளு கூப்பிடல" என்பார்.

மண் பாதியை எப்படியோ முடித்துவிட்டார். பாறையில்தான் நின்றுபோனது. பத்து அடி அடிப்பார், உட்காருவார். தினமும் சாயங்காலம் தையலக்கா ஆணி அடித்த ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் ஆழம் பார்த்து வருவாள். அவள் பங்கை அவள் எப்போதோ முடித்துவிட்டாள். பதினேழாவது பங்கில் வந்ததும் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்வாள்.

"இன்னைக்கு ரெண்டு சாணு நீளம்தான் ஆயிருக்குன்னு சொல்லு."

அவர் பள்ளத்துக்குள்ளேதான் உட்கார்ந்திருப்பார். "அண்ணே, ரெண்டு சாணுதான் ஆயிருக்காம்."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு."

"கண்ணு இருக்காம்க்கா."

இந்தக் கூத்தை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்?

கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொத்தனாருக்கு இருமல் நிற்கவில்லை. பாறைமேல் கையை ஊன்றிக்கொண்டு இருமினார், சுத்தி கை நழுவி உருண்டது. நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். சட்டை முழுக்க வேர்வை, உடம்பு ஜில்லென்று இருந்தது. கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். மற்ற நாற்பது பங்கும் முடிந்துவிட்டன. பதினேழாவதில் ஒன்பதடி பாறை பாக்கி. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை பெய்தால் வெட்டின பள்ளமெல்லாம் சரிந்து மூடிக்கொள்ளும்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். ரேடியோதான் ஆரம்பித்தார்.

"இதுல என்ன யோசனை? நாலு வாலிபப் பசங்க போனா ஒரே நாள்ல முடிச்சுட்டு வந்துருவானுங்க. மனுஷன் படுத்த படுக்கையா கெடக்காரு."

"முடியாது" என்றார் பால்காரர். அவர் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒரு சட்டம், செயலாளர் வீட்டுக்கு ஒரு சட்டமா? நான் சாக்குல உக்காந்து வெட்டுனேன்ல? அப்ப யாருக்காவது எரக்கம் வந்துச்சா?"

"அண்ணே, ஊருக்கே தண்ணி வராமப் போயிடும்ணே" என்றேன் நான்.

"போகட்டும். கிணத்துலயே போச்சு. அன்னைக்கும் இந்த ஆளு பேச்சைக் கேட்டுத்தானே நாப்பதடி எறங்குனோம்? வரும் வரும்னு நம்ம எல்லாரையும் முட்டாளாக்குனது யாரு? இவரு வீறாப்புக்கு நான் காலக் குடுத்தேன்."

தையலக்கா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம்க்கா என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அவரு சொல்லல" என்றாள்.

"எதச் சொல்லல?"

"வரும் வரும்னு அவரு சொல்லல. முப்பதடியிலயே என்கிட்ட சொல்லிட்டாரு. அடியில ஒரே கல்லு, இதுக்கு மேல தண்ணி இல்ல, நிறுத்திடலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். இப்ப நிறுத்துனா இனி இந்த ஊரு எதுக்கும் ஒண்ணு சேராது, இன்னும் பத்தடி போயிடலாம், யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன். எனக்காக வாயத் தொறக்கல அந்த மனுஷன். நீங்கல்லாம் அவரக் காறித் துப்புனப்ப நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். நீயாவது சொல்லுன்னு ஒரே ஒரு தடவ கேட்டாரு. நான் சொல்லல. அதுக்கப்புறம்தான் தனி அடுப்பு போட்டாரு. நான் அவரத் தள்ளி வைக்கல. அவருதான் என்னத் தள்ளி வச்சிருக்காரு."

எனக்கு இது புதிதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேச்சு நடந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் நானும் இருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். தெருவில் அவர் தலை குனிந்து போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் வெட்கக்கேடு.

பால்காரர் நீட்டியிருந்த காலைக் கையால் இழுத்து மடக்கினார்.

"எந்த அடியில என் காலு போச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்றார். "முப்பத்தாறாவது அடி."

"தெரியும்ணே" என்றாள் தையலக்கா. "நாலு வருஷமாத் தெரியும்."

அவர் தடியை ஊன்றி எழுந்தார். ஒருவரையும் பார்க்காமல் படியிறங்கி நொண்டிக்கொண்டே போனார். கூட்டம் என்ன முடிவெடுப்பது என்று தெரியாமல் அவளையே பார்த்தது.

"சட்டம் சட்டமாவே இருக்கட்டும்" என்றாள் அவள். "அவருக்கு ஒண்ணு எங்களுக்கு ஒண்ணுன்னு வேணாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் ரேடியோ குறுக்குவழியில் ஓடிப்போய்க் கொத்தனாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். அதுதான் அந்த மனிதர் தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் புதன்கிழமை. விடிந்து நான் வாசல் பெருக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் தொம் தொம் என்று சத்தம். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். தையலக்கா கடப்பாரையால் தன் அடுப்பை இடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையால் பூசி மெழுகின அடுப்பு. மண்கட்டியைக் கூடையில் அள்ளி வாசலில் கொட்டினாள். முகமெல்லாம் சாம்பல். பிறகு தன் கஞ்சிப்பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சாய்ப்புக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

கொத்தனார் அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் பானை அடுப்பின் மேல் இருந்தது. இவள் தன் பானையோடு நின்றாள். வைக்க இடமில்லை. நான் நடுவில்.

"அடுப்பு எண்ண வந்திருக்கேன்னு சொல்லு" என்றாள்.

"அண்ணே, அடுப்பு எண்ண..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு." அவர் நெருப்பையே பார்த்தபடி சொன்னார், "நேத்துக் கூட்டத்துல என்ன பேசுனாங்கன்னு கேளு உங்கக்காவ."

"அண்ணே, அதான் ரேடியோ வந்து..."

"ரேடியோ சொன்னது எனக்கெதுக்கு? அவங்க வாயால கேக்கணும்."

அவள் பானையை இறக்காமலே மறுபடியும் சொன்னாள், முதலிலிருந்து கடைசி வரைக்கும். முப்பதடி, பத்தடி, யாரிடமும் சொல்லாதே என்றது, பார்த்துக்கொண்டு நின்றது, பால்காரர் கால். சொல்லும்போது அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, துணியால் பிடித்துத் தன் பானையை இறக்கித் தரையில் வைத்தார். அடுப்பு காலியாக இருந்தது. அவள் தன் பானையை அதன்மேல் வைத்தாள்.

நான் நோட்டில் நாற்பத்தொன்றை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினேன். இனி அவளும் அந்த அடுப்பில் சாப்பிடுகிறவள், பதினேழாவது பங்கில் கை வைக்கலாம்.

செய்தி போன வேகத்தில் பத்துப் பேர் பாறைக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தர் கேட்டார், "அடுப்பு ஒண்ணாயிட்டா பங்கும் ஒண்ணுதானே? மிச்ச எண்பதடி யாரு கணக்கு?"

"ரெண்டு பங்கும் எங்க அடுப்புக் கணக்குத்தான்" என்றாள் தையலக்கா. "குழாய் மட்டும் ஒண்ணு போதும்."

கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்து நின்றார்.

கொத்தனாரால் சுத்தி ஓங்க முடியவில்லை. அவர் பாறைமேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் உளியைப் பிடித்தார். அவள் எதிரே நின்று பெரிய சுத்தியைத் தூக்கினாள். ஊசி பிடித்த கை. என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள், எதற்கென்று கேட்காதீர்கள்.

"அடிக்கச் சொல்லு" என்றார் அவர்.

"அடிக்கணுமாம்க்கா."

அவள் அடித்தாள். அதற்குள் அவர் உளியைச் சாய்த்திருந்தார், அடி வழுக்கிப் போனது.

"கொஞ்சம் பொறுத்து அடிக்கச் சொல்லு."

"பொறுத்து..."

நான் சொல்லி முடிப்பதற்குள் சுத்தி இறங்கிவிட்டது. உளியின் தலையில் பட்டு நழுவி அவர் கட்டைவிரலில் விழுந்தது. நகம் கறுத்து ரத்தம் வந்தது.

"ஏண்டி, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினார். "நான் அடின்னு சொன்னா அடி, சொல்லலைன்னா நில்லு! இவ சொல்றதுக்கும் நீ அடிக்கிறதுக்கும் நடுவுல என் கையில்ல போகுது!"

அவள் சுத்தியைக் கீழே போட்டுவிட்டாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவ்வளவு பெரிய பெண், ஆபீசரையே மடக்கிப் பேசுகிறவள், மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது?

அவர் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினார்.

"சரி சரி, எந்திரி" என்றார். "மழை வர்ற மாதிரி இருக்கு. தலைக்கு மேல தூக்காத, தோளோட நிறுத்து. சுத்தியோட கனமே அடிக்கும், நீ அடிக்க வேணாம். புரியுதா?"

"ம்."

"அடி."

அடித்தாள்.

"அடி."

அன்று பொழுது சாயும் வரைக்கும் அந்த ஒரு சொல்தான் குன்று முழுக்கக் கேட்டது. நடுநடுவே இருமல். இருமும்போது அவள் சுத்தியை ஊன்றி நிற்பாள். அவள் உள்ளங்கைத் தோல் உரிந்தது, தையல் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். சுற்றி நின்ற இளவட்டங்களுக்குக் கை துறுதுறுத்தது. ஆனாலும் யாரும் தொடவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் இன்னும் மூன்றடி பாக்கி. உடைத்த கல்லெல்லாம் பள்ளத்துக்குள்ளேயே குவிந்து உளி வைக்க இடமில்லாமல் போய்விட்டது. அள்ளிப்போடக்கூட அவர்கள் இரண்டு பேருக்கும் தெம்பில்லை. அப்போது தடி தட்டும் சத்தம் கேட்டது. பால்காரர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். அந்தக் காலோடு அவ்வளவு தூரம். வந்தவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வீச ஆரம்பித்தார்.

"அண்ணே, சட்டம்..." என்றார் ரேடியோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

"வெட்டத்தான்யா கூடாது. அள்ளக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

அவ்வளவுதான். அத்தனை பேரும் பள்ளத்தில் இறங்கினோம். ஒருத்தர் கல் பொறுக்க, ஒருத்தர் பெருக்க, ஒருத்தர் உளி தீட்ட. உளியையும் சுத்தியையும் மட்டும் அவர்கள் இரண்டு பேர்தான் தொட்டார்கள். தையலக்கா பால்காரரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத" என்றார் அவர். "உன் மேல இருக்கற கோவம் அப்படியேதான் இருக்கு. என் வீட்டுக்காரிக்குக் கண்ணு தெரியாது, மேல ஏறித் தண்ணி எடுக்க முடியாது. அதுக்குத்தான் வந்தேன். வேலையப் பாரு."

ஆறு மணிக்கு முடிந்தது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். ஊற்றிலிருந்து ஊர் வரைக்கும் நடந்தார். பதினேழாவது பங்கில் குனிந்து தன் சாணை வைத்து அளந்தார். "இங்க ரெண்டு விரக்கடை கொறையுதே" என்றார். பிறகு பாறையைத் தடவிப் பார்த்தார், உளி பட்ட தடத்தைப் பார்த்தார், தையலக்காவின் கைக்கட்டையும் பார்த்தார். "சரி, சிமெண்ட கொஞ்சம் கனமா பூசிக்கோங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

குழாய் வந்து, பதித்து, மூடி, தண்ணீர் வர இன்னும் இருபது நாள் ஆனது. முதல்நாள் செம்மண்ணாக வந்தது, அடுத்த நாள் தெளிந்தது. யாரும் ஆடவில்லை பாடவில்லை. ஒவ்வொருத்தரும் அவரவர் வாசலில் குழாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்தோம். அன்றைக்கு மத்தியானம் ஊரே தூங்கியது.

நாற்பது அடுப்புக்கு நாற்பத்தொரு குழாய் வந்திருந்தது. ஒன்று மிச்சம். அதை எங்கே வைப்பது என்று கமிட்டியில் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். பால்காரர்தான் முடித்துவைத்தார்.

"அந்தக் கிணத்து வாய்கிட்ட வைங்கப்பா. நாப்பதடி தோண்டுனோம்ல, அங்க ஒரு சொட்டாவது வந்துட்டுப் போகட்டும்."

வைத்தார்கள்.

கொத்தனார் அதற்குப்பிறகு வேலைக்குப் போகவில்லை. போகவும் முடியாது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் மெதுவாக நடந்து அந்தக் கிணற்றடிக்குப் போவார். குழாயைத் திறப்பார். தண்ணீர் விழுவதைக் கொஞ்சநேரம் பார்ப்பார். மூடுவார். மறுபடியும் திறப்பார். யாரும் கேட்பதில்லை.

நேற்றும் அப்படித்தான். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பானை இறக்கும் சத்தம் கேட்டது, பிறகு தையலக்காவின் குரல்.

"கஞ்சி ஆறிட்டிருக்கு. வரச் சொ..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் அதற்குள் பழக்கதோஷத்தில் கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அவள் வாசலுக்குப் போகிற காலடி கேட்டது. "இந்தா, தண்ணிய வீணாக்காத!" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். "வந்து சாப்பிட்டுட்டுப் போ!"

கிணற்றடியிலிருந்து இருமல் வந்தது. அப்புறம், "வர்றேன், வர்றேன்" என்று அவர் குரல்.

நான் உட்கார்ந்து கீரையை எடுத்துக்கொண்டேன்.